துய்மா வீதியில் குடியிருப்பவர் யார்?

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, துய்மா வீதி அடங்கிய கடற்கரையோரப் பழைய பிரெஞ்சுப் பகுதியில் உள்ள வீடுகளின் விலையைக் கேட்டவர்கள், அங்கே பெரும் பணக்காரர்கள் வாழ்வதாக எண்ணிக்கொள்கிறார்கள். வாங்கியவர்கள் பணக்காரர்கள்தாம், அவர்கள் அங்கே வாழ்கிறார்களா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

ஆளுநர் மாளிகை, சட்டப்பேரவை, பிரெஞ்சுத் துணைத் தூதரகம், 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஆகியவற்றையும், சாம்பல் நிறம் பூசிய ஆசிரமக் கட்டடங்களையும் கழித்துவிட்டால், குடும்பங்களுக்கென்று எஞ்சும் வீடுகள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. அவற்றில் பல, 1962-இல் இந்தியாவுடன் புதுச்சேரியின் இணைப்பு சட்டப்படி நிறைவேறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களின் வீடுகள். நாம் 'சொல்தா' என்று அழைத்த ஓய்வுபெற்ற பிரெஞ்சு ராணுவத்தினரின் பேரப்பிள்ளைகள் இன்று பாரிஸ் புறநகர்களில் இருக்கிறார்கள். ஒரே வீட்டுக்கு ஏழெட்டுப் பங்காளிகள். அவர்களில் பாதிப் பேர் பவர் பத்திரம் அனுப்புவதற்குள் ஓட்டில் அரசமரம் முளைத்துவிடுகிறது. கடைசியில் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருபவர் மொத்தமாகப் பேசி முடித்துவிடுகிறார்.

அவர் கொடுக்கும் விலை, அந்த வீட்டில் எத்தனை பேர் குடியிருக்கலாம் என்பதைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுவதில்லை. எத்தனை அறைகள் பிரிக்கலாம், சனி ஞாயிறில் ஓர் அறை என்ன வாடகைக்குப் போகும் என்ற கணக்கில் தீர்மானிக்கப்படுகிறது. மாதச் சம்பளக்காரர் இந்தக் கணக்கோடு போட்டியிட முடியாது. என் சித்தப்பா மகன் சென்ற ஆண்டு அங்கே வாடகை வீடு தேடி அலைந்தபோது தரகர், "மாச வாடகைக்கா சார்? இங்க எல்லாம் நாள் வாடகைதான்" என்று சிரித்தார். தம்பி இப்போது லாஸ்பேட்டையில் இருக்கிறான்.

விருந்தினர் விடுதிகளை மட்டும் திட்டுவதும் நியாயமாகாது. சுண்ணாம்புச் சாந்துச் சுவரையும் தேக்கு உத்தரத்தையும் உப்புக் காற்றில் காப்பாற்றுவது எளிதான செலவன்று. கவனிப்பாரில்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த, 'மேரி' என்று அழைக்கப்படும் பழைய நகராட்சிக் கட்டடமே சாட்சி. அது பின்னர் புதிதாகக் கட்டப்பட்டது. தனியார் வீடு விழுந்தால் அப்படி யார் கட்டித் தருவார்கள்?

உள்ளூரில் வசதியாக வாழ்பவர்களோ ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் இருக்கிறார்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழையைக் கொட்டி, அந்த நகர்களின் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோதும், அவர்களில் எவரும் கடற்கரைப் பக்கம் வீடு பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை. வார இறுதியில் தன் வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காத வீட்டுக்கு யார் குடிபோவார்கள்?

என் கருத்து இதுதான்: ஒரு வீதியில் இத்தனை வீடுகளுக்கு மேல் விடுதியாக்கக் கூடாது என்ற வரம்பு வேண்டும், குடும்பம் குடியிருக்கும் பழைய வீட்டுக்குச் சொத்துவரியில் சலுகையும் பழுதுபார்க்க உதவியும் வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்குத் துய்மா வீதியில் நடந்தேன். திண்ணை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவும், கதவருகே எண் போட்டுத் திறக்கும் சாவிப் பெட்டியும் இருந்தன. ஒரே ஒரு வீட்டிலிருந்து மட்டும் கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தது. எட்டிப் பார்த்தேன், காவலாளி தனக்காகச் சமைத்துக்கொண்டிருந்தார்.