மேடைக்கு ஏற்றது ஜாடியா, சொம்பா?
மேடை மாயவித்தைப் பாத்திரங்களைப் பற்றிய இக்கட்டுரையில், அன்றாடப் பொருளைப் போலத் தோன்றும் பாத்திரத்தைக் கையில் எடுத்தாலே பார்வையாளரின் ஐயம் விலகிவிடும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை அப்படியே ஏற்க முடியவில்லை. அது எந்த ஊரின் அன்றாடப் பொருள் என்பதையும் பார்க்க வேண்டும். பால் மறையும் வித்தைக்கு அவர் பரிந்துரைக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஜாடியைப் பாலக்கோடு பக்கத்துத் திருவிழா ஒன்றில் நான் எடுத்தபோது, எங்கள் பக்கத்து வீடுகளில் அத்தகைய ஜாடி புழக்கத்தில் இல்லாததால், முன்வரிசையில் இருந்தவர்கள் பாலைவிட்டு ஜாடியையே உற்றுப் பார்த்தார்கள். வங்காள மாயவித்தைக் கலைஞர் பி. சி. சர்க்கார் மேடைகளில் காட்டிய, கவிழ்த்துக் காலியாக்கிய பின்னும் நீர் ஊறும் சொம்பு வித்தைக்கு இங்கே அந்தச் சிக்கலே எழுவதில்லை. அதன் இரட்டைச் சுவர்களுக்கு இடையே நிற்கும் நீர், கழுத்தருகே உள்ள காற்றுத் துளையைக் கட்டைவிரல் அடைத்திருக்கும்வரை அசையாது. விரலைச் சற்றே நகர்த்தினால் உள்ளடியில் உள்ள துளை வழியாக மெல்ல ஊறி வரும். மேலே கருத்து எழுதிய ஒரு வாசகர், டம்ளரைக் கவிழ்த்தாலும் நீர் கொட்டாத வித்தைக்காகக் குழந்தைகளுக்கான டயப்பரிலிருந்து எடுத்த பொடியைப் போட்டும் நீர் கூழாக உறையாமல் சொட்டியதாக வருந்தியிருக்கிறார். குறை பொடியில் இருக்காது. சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் அப்பொடி தூய நீரைத் தன் எடையைப் போல் 100 மடங்குக்கும் மேல் உறிஞ்சும் என்றாலும், கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த நீரில் அத்திறன் வெகுவாகக் குறைந்துவிடும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் கூழ் தளர்ந்து டம்ளர் விளிம்பில் திரண்டு வழிகிறது, ஒகேனக்கல் குழாய் நீரிலோ கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது. உப்பு நீர்தான் கிடைக்கும் என்றால் பொடியைக் கூட்டிப் போட்டு, நீரைக் குறைத்து ஊற்றிப் பாருங்கள். எவர்சில்வர் டம்ளராக இருந்தால் உள்ளே ஒட்டிய கூழ் வெளியே தெரியாது.