கிருஷ்ணமாச்சாரியார் கற்பித்தது குதித்துச் செய்யும் யோகா மட்டுமல்ல

யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் “எல்லோருக்கும் ஒரே வேகமான ஆசன வரிசையைத்தான் கற்றுக்கொடுத்தார்” என்று சிலர் சொல்வது சரியல்ல. ஓர் ஆசனத்திலிருந்து அடுத்ததற்குக் குதித்து மாறும் அந்த முறை, 1930களில் மைசூர் ஜகன்மோகன் அரண்மனைப் பாடசாலையில் துடிப்பான சிறுவர்களுக்கானது. அஷ்டாங்க யோகா என்ற பெயரில் அதைப் பரப்பிய பட்டாபி ஜோயிஸ் அந்தக் கால மாணவர். அவருடைய பெயர் உலகெங்கும் பரவியதால் குருவின் முறையே அதுதான் என்ற எண்ணம் வந்துவிட்டது.

1950களில் சென்னைக்கு வந்தபின் கிருஷ்ணமாச்சாரியார் பெரும்பாலும் தனித்தனியாகவே கற்பித்தார். வயது, நோய், மூச்சின் நீளம் பார்த்துப் பாடம் மாறும். மகன் தேசிகாச்சார் பரப்பியது இதைத்தான்.

இதற்கு உதாரணமாக, நின்றபடி முன்குனியும் உத்தானாசனத்தையே பாருங்கள். மூச்சை இழுத்தபடி கைகளை உயர்த்தி, விட்டபடி முன்குனிய வேண்டும். முதுகு இறுக்கமானவர் முழங்காலைச் சற்று மடக்கலாம். நான்கைந்து முறை அசைந்த பிறகே நிலையில் தங்குவது. மூச்சு முதலில் தொடங்கி, அசைவு முடிந்தபின் முடிய வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். தொடையின் பின்தசை இறுக்கமானவர் காலை விறைப்பாக வைத்துக் கையைத் தரைக்கு இழுத்தால், கீழ்முதுகில் சுமை கூடும்.

அவர் பெண்களுக்குக் கற்பிக்கவில்லை என்று சொல்வதும் தவறு. பின்னாளில் மேற்கு நாடுகளில் யோகாவைப் பரப்பிய இந்திரா தேவி என்ற பெண் மைசூரிலேயே அவரிடம் படித்தவர்.