அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள்

பேசாமல் கடந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். இன்று காலை என் அத்தை மகனும் அதையே அனுப்பி, கூடவே கைகூப்பும் பொம்மையையும் போட்டிருந்தான். அதற்கு மேல் முடியவில்லை.

எந்த வீடியோ என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது. விடிவதற்கு முன்னால் ஒருவர் வருகிறார், ஒரு வீட்டு வாசலில் பையை வைக்கிறார், வந்த வழியே வேகமாகப் போய்விடுகிறார். எதிர்வீட்டு கேமராவில் பதிவாகிவிட்டது. அவருடைய முகத்தைப் பெரிதாக்கி, உருக்கமாக ஒரு இசையைச் சேர்த்து, ‘மனிதம் இன்னும் சாகவில்லை’ என்று தலைப்பும் வைத்துப் போட்டுவிட்டார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் கண் கலங்கினார்களாம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அந்த மனிதர் யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, விளக்கு எரியாத பக்கமாக நடந்து வந்திருக்கிறார். அந்த மறைவும் அவர் கொடுத்ததில் ஒரு பங்கு. பைக்குள் இருந்ததை அந்த வீட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மறைவை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அது உங்களுக்கு வந்தது இல்லை.

வீடியோவின் கடைசிப் பகுதியை எத்தனை பேர் சரியாகப் பார்த்தீர்கள் என்று தெரியவில்லை. கதவு பாதி திறக்கிறது. ஒரு பெண்மணி தலையை மட்டும் நீட்டி இரண்டு பக்கமும் பார்க்கிறார். பையைத் தூக்கக்கூட இல்லை, காதைப் பிடித்து அப்படியே உள்ளே இழுத்துக்கொள்கிறார். உடனே கதவைச் சாத்துகிறார். யாராவது பார்க்கிறார்களா என்றுதான் அவர் பார்த்தார். யாரும் இல்லை என்று நம்பித்தான் கையை நீட்டினார். அந்தப் பெண்மணியிடம் போய், நீ குனிந்து பையை இழுத்ததை லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள் என்று யார் சொல்வது? போட்டவர் சொல்வாரா?

நான் பள்ளியில் படிக்கும்போது அப்பாவுக்கு வேலை போனது. பரீட்சைக் கட்டணம் கட்ட வீட்டில் பணம் இல்லை. கடைசி நாளில், இன்னும் கொஞ்சம் தவணை கேட்டுப் பார் என்று சொல்லி அம்மா அனுப்பினார். அலுவலக ஜன்னலில் நின்று எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளே இருந்த எழுத்தர் பேரேட்டில் விரலை ஓட்டி, “உனக்குக் கட்டியாச்சு, போ” என்றார். தலையை நிமிர்த்தவே இல்லை. ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். என் பெயர் இருந்தது. கட்டியவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் வெறும் கோடு. யார் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

அதே வருஷம் என் வகுப்பில் இன்னொரு பையனுக்கும் யாரோ கட்டணம் கட்டினார்கள். அவனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கையில் ஒரு கவரைக் கொடுத்து, படம் சரியாக விழவில்லை, இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடி என்றார்கள். தூக்கிப் பிடித்தான். அன்றிலிருந்து பையன்கள் அவனைக் ‘கவரு’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஆசிரியர்களுக்கும் தெரியும், யாரும் தடுக்கவில்லை. இருவருக்கும் கட்டப்பட்டது ஒரே தொகை, ஒரே பரீட்சைக்கு. எனக்குக் கட்டியவர் அந்த ரசீதில் ஒரு கோட்டைப் போடச் சொன்னதால் நான் என் பெயரோடு பள்ளியை முடித்தேன்.

இதனால்தான் எனக்கு அந்த வீடியோ உறுத்துகிறது. இதை ஒரு கமெண்டில் சொன்னபோது “நெகட்டிவாகவே யோசிப்பீர்களா?” என்று கேட்டார்கள். ஒருவர் எனக்குப் பொறாமை என்றே எழுதிவிட்டார். யார்மேல் பொறாமை? வாசலில் பை வைத்தவர்மேலா? அவர் எனக்குச் சொந்தக்காரர் மாதிரி. அவருக்காகத்தான் பேசுகிறேன்.

மறைவாகக் கொடுப்பது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி இருக்கும் பகுதியில் வாழ்ந்த ஆயர் நிக்கோலஸைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலம் அவர்தான். நொடித்துப்போன ஒருவருக்கு மூன்று பெண்கள், கல்யாணம் செய்து வைக்க வழியில்லை. நிக்கோலஸ் இரவில் போய் ஜன்னல் வழியாகப் பொன் முடிப்பை உள்ளே போட்டுவிட்டு வந்துவிடுவார். மூத்தவளுக்குக் கல்யாணம் நடக்கிறது, அடுத்தவளுக்கும் நடக்கிறது. மூன்றாவது தடவை அந்தத் தகப்பன் தூங்காமல் காத்திருந்து, பின்னாலேயே ஓடிப் பிடித்துவிடுகிறார். நிக்கோலஸ் கேட்டது ஒன்றுதான்: நான் உயிரோடு இருக்கும்வரை இதை யாரிடமும் சொல்லாதே. கதையாகவே இருக்கட்டும். ஓடிப் பிடித்தவர் வாங்கியவர், அவருக்கு அந்த உரிமையாவது இருந்தது. எதிர்வீட்டுக்காரருக்கு என்ன உரிமை?

12-ம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் தர்மத்தை எட்டுப் படிகளாகப் பிரித்தார். ஒருவரைச் சொந்தக் காலில் நிற்க வைப்பதுதான் எல்லாவற்றுக்கும் மேல். அதற்கு அடுத்தபடி, கொடுத்தவருக்கு வாங்கியவரைத் தெரியாமலும் வாங்கியவருக்குக் கொடுத்தவரைத் தெரியாமலும் கொடுப்பது. எருசலேம் ஆலயத்தில் அதற்கென்றே ஓர் அறை இருந்ததாம். போடுகிறவர் போட்டுவிட்டுப் போவார், தேவைப்பட்டவர் எடுத்துக்கொண்டு போவார். இன்னொன்றும் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துப் பெரியவர்கள் காசைத் துணியில் முடிந்து முதுகுப் பக்கம் போட்டுக்கொண்டு நடப்பார்களாம், பின்னால் வரும் ஏழை வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளட்டும் என்று. திரும்பிப் பார்க்காமல் நடப்பதற்கே அவர்கள் அவ்வளவு யோசித்திருக்கிறார்கள். நம் ஆட்கள் ஜூம் செய்து பார்க்கிறார்கள்.

கொடுப்பது மட்டும் இல்லை, திருப்பி வைப்பதும் இப்படித்தான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் டார்வினின் குறிப்பேடுகள் இரண்டு இடத்தில் இல்லை என்பது 2001-ல் தெரிந்தது. ஒன்றில் அவர் 1837-ல் வரைந்த ‘உயிர் மரம்’ படம் இருக்கிறது. அவை திருடுபோயிருக்கலாம் என்று 2020-ல் நூலகம் பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தது. 2022 மார்ச்சில் நூலகர் அறைக்கு வெளியே, கேமரா இல்லாத இடத்தில், இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பரிசுப் பை இருந்தது. குறிப்பேடுகள் இரண்டும் உள்ளே பத்திரமாக இருந்தன. கூடவே ஒரு உறை, அதில் நூலகருக்கு ஈஸ்டர் வாழ்த்து. பெயர் இல்லை. போலீஸ் விசாரிக்கட்டும், அது அவர்கள் வேலை. ஆனால் அந்தக் கட்டடத்தில் கேமரா பார்க்காத ஒரு மூலை இருந்ததால்தான் அவை திரும்பி வந்தன என்று நான் நம்புகிறேன்.

அமெரிக்க அரசுக் கருவூலத்தில் 1811-லிருந்து ‘மனச்சாட்சி நிதி’ என்று ஒரு கணக்கு இருக்கிறது. அரசை ஏமாற்றியவர்கள் பெயர் போடாமல் கூட அதற்குப் பணம் அனுப்பலாம், வாங்கி வரவு வைப்பார்கள். ஓர் அரசாங்கத்துக்கே இந்த நாகரிகம் இருக்கிறது.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவருடைய மோதிரம் காணாமல் போனது. மறுநாள் கைகழுவும் இடத்தில், சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. முதல் நாள் அங்கே எல்லோரும் தேடியிருந்தார்கள். உடனே ஒருவர் ஆரம்பித்தார், வராந்தா கேமராவைப் பார்த்தால் யார் உள்ளே போனார்கள் என்று தெரிந்துவிடும் என்று. மேலாளர் கேட்டார், “மோதிரம் வந்துவிட்டதா?” வந்துவிட்டது சார். “அப்புறம் என்ன, போய் வேலையைப் பாருங்கள்.” எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அன்றுதான். வைத்தவர் யாரோ, ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்கமாட்டார். அது போதாதா?

சரி, எதிர்வாதங்களுக்கு வருகிறேன். எல்லோரும் சொல்வது, “நல்லதைக் காட்டினால் நாலு பேர் செய்வார்கள்” என்பது. இதற்கு அமெரிக்கத் தொழிலதிபர் சக் ஃபீனியை உதாரணம் காட்டி ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். ஃபீனியைப் பற்றி எனக்கும் தெரியும். 1982-ல் ஒரு அறக்கட்டளை ஆரம்பித்து, யார் கொடுத்தது என்று வெளியே சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு வருஷக்கணக்கில் கொடுத்தவர். 2023-ல் இறப்பதற்கு முன்பு 800 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து முடித்துவிட்டு, வாடகை வீட்டில் வாழ்ந்தார். தொழிலை விற்கும்போது எப்படியும் வெளியே வந்துவிடும் என்ற நிலை ஏற்பட்டதால் 1997-ல் தானே சொன்னார். அவரைப் பார்த்துப் பெரிய பணக்காரர்கள் கொடுக்க முன்வந்ததும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் சொன்னவர் யார்? அவரே. வாங்கிய ஓர் ஏழை வீட்டுக் கதவை அவர் யாருக்கும் காட்டவில்லை. சொல்வதென்றால் கொடுத்தவர் சொல்லலாம், மனம் வந்தால் வாங்கியவர் சொல்லலாம். மூன்றாவது ஆளுக்கு அதில் வேலை இல்லை.

“பெண்மணியின் முகத்தை மங்கலாக்கித்தானே போட்டிருக்கிறார்கள்?” கதவு தெரிகிறது, படி தெரிகிறது. அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கு முகம் எதற்கு?

“கணக்கு வழக்கு இல்லாமல் மறைவாகக் கொடுத்தால் மோசடி நடக்கும்.” அமைப்புகள் கணக்குக் காட்டட்டும். ஒரு பையை வாசலில் வைத்தவரிடம் என்ன தணிக்கை வேண்டியிருக்கிறது?

“நன்றி சொல்லவாவது வாங்கியவருக்குத் தெரிய வேண்டாமா?” இதைக் கேட்டவர் நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் எனக்கு இதுதான் வலித்தது. எங்கள் உறவில் ஒருவர், அந்தப் பரீட்சைக் கட்டணத்தைத் தானே கட்டியதுபோல ஜாடையாகப் பேசுவார். நேராகச் சொன்னதில்லை. “அன்னைக்கு நான் மட்டும் இல்லேன்னா...” என்று இழுத்து நிறுத்திவிடுவார். அவர்தானா, இல்லையா, எங்களுக்குத் தெரியாது. அந்தச் சந்தேகமே அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. எந்த விசேஷத்துக்கும் முதல் அழைப்பு அவருக்கு. அவர் அப்பாவை எல்லோர் முன்னாலும் மட்டம் தட்டிப் பேசினால் அம்மா தலையைக் குனிந்துகொண்டு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். அப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் வந்து, நன்றி சொல்ல முகம் வேண்டும் என்று சொல்லாதீர்கள். எனக்கு யார் என்று தெரிய வேண்டாம். தெரிந்துகொள்ள ஆசையில்லாமல் இல்லை, ஆனாலும் வேண்டாம்.

அந்தப் பெண்மணி இனி தெருவில் எதிரே வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு கும்பிடு போட்டாக வேண்டும். பை வைத்தவர் இன்னொரு முறை அந்தப் பக்கம் வர முடியாது. இதைத்தான் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

வீடியோவைப் போட்டவரை என் நட்பு வட்டத்தில் சிலருக்குத் தெரியும். அவரிடம் பேசுங்கள். சண்டை போட வேண்டாம், எடுத்துச் சொல்லுங்கள். முழுவதையும் எடுக்க மனம் இல்லையென்றால் கதவு திறக்கும் பகுதியையாவது முதலில் வெட்டட்டும். பகிர்ந்தவர்கள் உங்கள் பக்கத்திலிருந்து நீக்குங்கள். கமெண்டில் வீட்டுக்கு அடையாளம் எழுதியிருப்பவர்கள் அதை உடனே அழியுங்கள். யாரோ ஒருவர், குழுவாகப் போய் அந்தக் குடும்பத்தைப் பேட்டி எடுத்து, நேரில் உதவியும் செய்துவிட்டு வருகிறோம் என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து போகாதீர்கள்.