பி.ஏ. வரலாறும் எரிந்த மோட்டாரும்

போன வாரம் சொந்தக்காரர் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. பிளஸ் டூ முடித்த பெண் பி.ஏ. வரலாறு படிக்கிறேன் என்கிறாள். வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. அவளை வழிக்குக் கொண்டுவர மாமா எடுத்த ஆயுதம் நான். "இவனைப் பாரு, அந்தக் கருமத்தைத்தான் மூணு வருசம் படிச்சான். இப்ப மோட்டாருக்குக் காயில் கட்டறான். நேரா ஐ.டி.ஐ. போயிருந்தா மூணு வருசம் மிச்சம்." என்னை எதிரில் வைத்துக்கொண்டே சொன்னார். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

பல்லடம் பக்கம், எரிந்த மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டும் ஒரு ரீவைண்டிங் பட்டறையில் பதினோரு வருடமாக இருக்கிறேன். லட்சியத்தோடெல்லாம் வரவில்லை. பட்டம் வாங்கி இரண்டு வருடம் குரூப் 4 எழுதினேன். பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்கிற பரீட்சைக்குப் பட்டதாரிகள் மாய்ந்து மாய்ந்து படித்தோம். கைச்செலவுக்கு வழியில்லாமல் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் எரிந்த காயிலை உளி வைத்து வெட்டுவதும், காயில் உட்காரும் பள்ளமான ஸ்லாட்டில் ஒட்டிய கரியைச் சுரண்டுவதும்தான். சோற்றில்கூட வார்னிஷ் வாசனை அடிக்கும்.

வேலை பிடித்துப்போன நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு விவசாயி ஏழரை ஹெச்.பி. மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினார். "நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடுச்சு." எல்லாரும் சொல்வதுதான். அண்ணன் (முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஸ்டேட்டரை (காயில் கட்டியிருக்கும், சுழலாத பாகம்) பிரித்து வெளிச்சத்தில் வைத்து, "என்ன தெரியுது?" என்றார். மூன்று பேஸ் காயில்களில் ஒன்று மட்டும் கரிக்கட்டை, மற்ற இரண்டும் புதுசு மாதிரி. மூன்றையும் முக்கோணமாக இணைக்கும் டெல்டா கனெக்‌ஷன். அப்படியென்றால் லைனில் ஒரு பேஸ் இல்லாமலே மோட்டார் ஓடியிருக்கிறது. மூன்றின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்க்கும் ஸ்டார் கனெக்‌ஷனாக இருந்தால் இரண்டு கருகி ஒன்று தப்பித்திருக்கும். மூன்றும் ஒரே மாதிரி கருகியிருந்தால் பம்பு இறுகியதா, வோல்டேஜ் குறைந்ததா என்று வேறு பக்கம் தேட வேண்டும். அண்ணன் திரும்பி, "பிரிவென்டரைக் கழட்டி விட்டுட்டீங்களா?" என்று கேட்டார். விவசாயி தலையைச் சொறிந்தார். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்துவதற்கென்றே இருக்கிற சாமான் அது. அடிக்கடி நிறுத்துகிறதே என்று கழற்றிவிடுவார்கள்.

எனக்கு உடனே கல்லூரி வாத்தியார் ஞாபகம் வந்தது. ஆள் சொல்வதை எழுதிக்கொள், ஆனால் கல்வெட்டையும் போய்ப் பார் என்பார். கரி படிந்த ஸ்டேட்டரும் ஒரு கல்வெட்டுதானே.

அப்புறம் அண்ணனின் நோட்டுகள். ஒரு மோட்டாரைப் பிரித்தால் ஸ்லாட் எண்ணிக்கை, காயிலுக்குச் சுத்து எத்தனை, கம்பி என்ன கேஜ் (தடிமன்), என்ன கனெக்‌ஷன், எந்த ஊர், என்ன தேதி என்று எழுதி வைப்பார். 1988இலிருந்து இருக்கிறது. அவருக்கு அது அடுத்த தடவை கட்டுவதற்கான கணக்கு. மழைக்கால மத்தியானங்களில் நான் அதை வேறு விதமாகப் படித்தேன். முதல் நோட்டுகளில் எல்லாம் கிணற்று மோட்டார், 3 ஹெச்.பி., 5 ஹெச்.பி. மெல்ல மெல்ல, தண்ணீருக்குள்ளேயே இறங்கி ஓடும் சப்மெர்சிபிள் தலைகாட்டுகிறது. பிறகு 7.5, 10, 12.5. அதே ஊர், பல இடங்களில் அதே தோட்டம். கிணறு வற்றி, போர் போட்டு, அதுவும் கீழே கீழே போன கதை, சுத்துக் கணக்காகக் கிடக்கிறது. 1990இல் விவசாயத்துக்கு மின்சாரம் முழுக்க இலவசமானது. அதுதான் காரணம் என்று சிலர் ஒரே போடாகப் போடுவார்கள். தண்ணீர் இறங்கியதால் பெரிய மோட்டாரா, பெரிய மோட்டாரால் தண்ணீர் இறங்கியதா என்று நோட்டை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. 1932இல் நீலகிரி பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்தது, கோவையில் மில்கள் பெருகின என்று படித்தது பரீட்சைக்கு இரண்டு மார்க். அதன் மிச்சக் கதை பட்டறை அலமாரியில் எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கிறது.

இதனால் இந்த வேலை சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். சப்மெர்சிபிளில் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் வயரை ஊசியில் நூல் கோப்பது போல விட்டு இழுக்க வேண்டும். முதுகு கெட்டுவிட்டது. பி.எஃப். கிடையாது. பெண் பார்க்கப் போன இடத்தில் "டிகிரி சரிங்க, வேலை?" என்று கேட்டுவிட்டு மிக்சரை உள்ளே எடுத்துப்போன வீடும் உண்டு. கைவேலையைச் சாதியோடு சேர்த்து எடைபோடுகிற ஊரில் சம்பளத்தை மட்டும் காட்டி மரியாதை வாங்க முடியாது.

ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம் முடித்து வரும் பையன்களின் கை என் கையைவிட வேகம். விரும்பிப் போகிறவர்களுக்கு அது அருமையான வழி. மாமா அதைச் சொல்வது விருப்பத்துக்காக இல்லை, மிரட்டலுக்காக. மார்க் குறைந்தால் பட்டறை, அடங்காவிட்டால் பட்டறை. என் வேலையைத் தண்டனையாகவும் என் படிப்பைத் தண்டமாகவும் ஒரே வாயில் சொல்கிறார். இரண்டும் எனக்குச் சோறு போடுகின்றன. அந்தப் பெண் வரலாறு படிக்கட்டும். பயமுறுத்த வேறு ஆளைத் தேடுங்கள் மாமா.

இந்த வருடம் நோட்டு எழுதும் பொறுப்பை அண்ணன் என்னிடம் கொடுத்திருக்கிறார். நான் கூடுதலாக இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன்: எப்படி எரிந்தது, போர் எத்தனை அடி. நேற்று ஒரு பெரியவர் கேட்டார், "மோட்டார் எரிஞ்சதுக்கு ஆழம் எதுக்குங்க தம்பி?"

"சும்மா எழுதி வைக்கறேனுங்க" என்றேன். 950 என்றார்.