பெயிண்ட்டை வெளியே அடிக்காதீங்க

என் போனின் முதுகைப் பார்த்துவிட்டு "இந்தக் கலர் எந்த மாடல்ல வருது?" என்று இந்த மாதம் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். எந்த மாடலிலும் வராது. ராமர் பச்சை. தருமபுரியில், எங்கள் வீட்டு பாத்ரூமில் வைத்து அடித்தது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவிடுகிறேன். கூடவே ஒரு சண்டையும் இருக்கிறது.

சண்டையை முதலில் முடித்துக்கொள்வோம். வீடியோக்களில் போனை அப்படியே கவிழ்த்து, கேமராவுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கிப் புஸ் புஸ்ஸென்று அடித்து, பத்தே நிமிஷத்தில் 'புது போன்' என்று காட்டுகிறார்களே, அவர்களோடுதான். வழவழ கண்ணாடியில் பெயிண்ட் எதைக் கவ்விப் பிடிக்கும்? கை வேர்வை, பாக்கெட்டில் கிடக்கும் சாவி, சில்லறை எல்லாம் சேர்ந்தால் ஓரம் உரிய அதிக நாள் ஆகாது. கல்யாண வீட்டு மேக்கப் கூட அதைவிட மரியாதையாக நிற்கும்.

கண்ணாடி முதுகு போன்களில் கம்பெனிக்காரன் பெரும்பாலும் கலரை வெளியே பூசுவதில்லை. கண்ணாடியின் உள்பக்கத்தில், ஃபிலிமாகவோ மையாகவோ இருக்கிறது அது. நம் கை படுவது வெறும் கண்ணாடி. எனக்கு இது தெரிய வந்ததே ஒரு கடைக்காரர் புண்ணியத்தில். பேட்டரி மாற்றக் கொடுத்தேன். கத்தியை விட்டு நெம்பியதில் கண்ணாடிக்கு ஒரு கீறல் இல்லை, ஆனால் உள்ளே இருந்த நீலம் ஓரமெல்லாம் திட்டுத் திட்டாகப் பெயர்ந்து வந்திருந்தது. "பவுச் போட்டுக்கோங்க சார், தெரியாது" என்றார்.

வீட்டில் கொண்டுவந்து காட்டினால், அப்பா கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் இந்த ஊரில் போர்டு எழுதிப் பிழைத்தவர். கடைகளுக்குக் கண்ணாடி போர்டு எழுதும்போது பின்பக்கமிருந்து, எழுத்தை இடவலம் மாற்றி எழுதுவார். தஞ்சாவூர் கண்ணாடி ஓவியமும் இதே வித்தைதான். காகிதத்தில் கடைசியாக வைக்கிற கண்மணியைக் கண்ணாடியில் முதலில் வைக்க வேண்டும், பின்னணி கடைசியில். "முன்னாடி தெரியறத முதல்ல போடுப்பா. போட்டுட்டா அவ்ளோதான், திருத்த முடியாது" என்றார். போன் கம்பெனிகள் செய்வதும் இதைத்தான். என் போனில் சுரண்டியபோது முதலில் கறுப்பு வந்தது, அடுத்துக் கண்ணாடி மாதிரி மின்னும் ஒரு படலம், கடைசியில்தான் நீலம்.

முதுகுக் கண்ணாடியைக் கழற்றுவதைப் பற்றிக் கொஞ்சம். சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கி, போனை அணைத்துவிட்டு, ஹேர் டிரையரை ஓரமாகக் காட்டுங்கள். ஒரே இடத்தில் பிடித்து பேட்டரியைச் சுட வைக்கக் கூடாது. கத்தி வேண்டவே வேண்டாம், பழைய பிளாஸ்டிக் கார்டு போதும். குத்துப்பட்ட லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். கைரேகை சென்சார் பின்னால் இருக்கிற போன் என்றால் சட்டென்று தூக்காதீர்கள், உள்ளே ஒரு மெல்லிய பட்டை ஒயர் இருக்கும். என் சித்தப்பா பையன் அதைப் பிய்த்துவிட்டு இன்றுவரை பேட்டர்ன் போட்டுத்தான் திறக்கிறான். ஐபோன் 8 முதல் 13 வரை வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். அதில் கண்ணாடி சட்டத்தோடு கெட்டியாக ஒட்டியிருக்கும். கடைக்காரர்களே லேசர் மெஷின் வைத்துப் பசையை எரித்துத்தான் எடுக்கிறார்கள்.

பழைய கலரை எடுக்கத் தின்னர் போதும், கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கேமராவைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையத்தில் பட்டால் இளகிவிடும், அதை முதலிலேயே கழற்றிவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பக்கத்து ரூமில் கூட விளக்கேற்ற வேண்டாம்.

நான் அடித்தது ஆடியில். எங்கள் பக்கத்து ஆடிக் காற்றில் மாடியில் வைத்து ஸ்ப்ரே அடித்தால் பாதி பெயிண்ட், பாதி செம்மண். அதனால்தான் பாத்ரூம். தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி எழும்பாது. அப்பா சொன்னபடி சாதாரண எனாமல்தான், மூன்று மெல்லிய பூச்சு. காய ரெண்டு நாள் ஆனது. முன்பக்கம் திருப்பிப் பார்த்தால், அடடா! உப்புத்தாள் தேய்க்கவில்லை, பாலிஷ் போடவில்லை, ஆனாலும் அந்தப் பளபளப்பு. கண்ணாடி கொடுக்கிற பளபளப்பு அது.

பசை போட்டுப் போனில் ஒட்டினேன். அடுத்த வாரம் சேலம் போகிற பஸ்ஸில், தொப்பூர் கணவாய் வளைவில், பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தால் கண்ணாடி மட்டும் தனியாகக் கையோடு வந்தது. பெயிண்ட் பத்திரமாகப் போனிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது! பசை பெயிண்ட்டைப் பிடித்துக்கொண்டது, பெயிண்ட்தான் கண்ணாடியைப் பிடிக்கவில்லை. அப்பாவுடைய கண்ணாடி போர்டுகளுக்கு இந்தச் சோதனை வந்ததே இல்லை, அவற்றைச் சட்டம் போட்டு மாட்டிவிடுவார்கள்.

பென்னாகரம் ரோட்டில் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற டிங்கரிங் பட்டறை அண்ணனிடம் போனேன். சிரித்துவிட்டு, "கண்ணாடிக்குன்னு பிரைமர் இருக்கு, அத லேசா அடி. மேல ஹார்ட்னர் கலந்த பெயிண்ட்ட அடி. வீட்ல வேணாம், மூச்சுக்கு ஆகாது, இங்க கொண்டா" என்றார். ஹார்ட்னர் என்பது பெயிண்ட்டைக் கெட்டியாக இறுக வைக்கிற திரவம். பிரைமர் நிறமில்லாததாக இருக்க வேண்டும், முன்னால் தெரிவது அதுதானே. மெட்டாலிக் பெயிண்ட் வேண்டாம் என்று சொன்னது நான். உலோகத் தூளை ஆன்டெனா மேல் பூசிவிட்டு சிக்னல் இல்லை என்று புலம்பக் கூடாது. ஆக, பாத்ரூமில் அடித்தது என்று முதலில் சொன்னது பாதிதான் உண்மை. நிலைத்தது பட்டறையில் அடித்தது.

இதற்குப் பதில் புது பேனலே, அதாவது புது முதுகுக் கண்ணாடியே, வாங்கியிருக்கலாமே என்பீர்கள். வாங்கலாம், சில நூறு ரூபாய்தான். முதலில் அதைத்தான் வாங்கினேன், கேமரா ஓட்டை அரை மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. எனக்கு எரிச்சல் அதில் இல்லை. 2017-ல் ஐபோன் 8 பின்பக்கம் கண்ணாடிக்கு மாறியதற்கு ஒரு நியாயம் இருந்தது. வயர்லெஸ் சார்ஜிங்குக்கு உலோக முதுகு ஆகாது, சார்ஜரில் இருக்கும் கம்பிச் சுருளின் காந்தப்புலத்தை அது தடுத்து, தானும் சூடாகும். சரி. வயர்லெஸ் சார்ஜிங்கே இல்லாத என் போனுக்கு எதற்குக் கண்ணாடி? கீழே விழுந்தால் உடைவதற்கா? அதற்குப் பயந்து எல்லாரும் கறுப்பு பவுச் போட்டுவிடுகிறோம். காசு கொடுத்து வாங்கிய நீலத்தை நானே மூன்று வருஷம் பார்த்ததில்லை. இப்போது பவுச் போடுவதில்லை. உடைந்தால் உடையட்டும். திறந்து ஒட்டியாகிவிட்டது, இனி தண்ணீருக்கும் காட்ட முடியாது.

ஒரு தப்பு பாக்கி. பச்சைக்குப் பின்னால் கறுப்பு ஒரு பூச்சு அடித்திருக்க வேண்டும், மறந்துவிட்டோம். இரவில் பிளாஷ் போட்டால் அதைச் சுற்றிப் பச்சையாக வெளிச்சம் கசிகிறது, படத்தின் மூலையில் புகை மாதிரி விழுகிறது. திரும்பக் கழற்ற வேண்டும். பட்டறை அண்ணன் ஆயுத பூஜைக்கு வருகிற லாரி வேலையெல்லாம் முடியட்டும் என்கிறார்.