அம்மாவுக்குத் தபால் ஓட்டு, மகளுக்கு வெயிட்டிங் லிஸ்ட்

2024 ஏப்ரல் 18, வியாழக்கிழமை ராத்திரி. விடிந்தால் நாடாளுமன்றத் தேர்தல் ஓட்டுப்பதிவு. சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, கிளாம்பாக்கத்துல நிக்கேன். கடையநல்லூர் பஸ் ஒண்ணுலயும் இடம் இல்ல. ஆம்னி பஸ்ல கேக்குத துட்டுக்கு ஒரு மாசம் மெஸ் பில் கட்டிரலாம்." ஹாஸ்டலுக்கே திரும்பிப் போகச் சொல்லிவிட்டேன். அவளுடைய முதல் ஓட்டு அப்படிப் போனது.

முன்னாடியே டிக்கெட் போட்டிருக்கலாமே என்பீர்கள். தேர்தல் தேதியை அறிவித்ததே மார்ச் 16-இல்தான். ரயில் முன்பதிவு அப்போது 120 நாளுக்கு முன்பே திறந்துவிடும். நமக்குத் தேதி தெரிந்தபோது பொதிகை எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட்.

அதே வீட்டில் அக்காவின் மாமியாருக்கு 88 வயது. 85 தாண்டியவர் என்பதால், வீட்டிலிருந்தே ஓட்டுப் போட விண்ணப்பிக்கும் 12டி படிவம் கொடுத்தார்கள்; அதிகாரிகள் வீடு தேடி வந்து ஓட்டு வாங்கிப் போனார்கள். நல்ல ஏற்பாடு. அக்கா அரசுப் பள்ளி ஆசிரியை. சட்டமன்றத் தேர்தலில் பக்கத்துத் தொகுதிக்கு டியூட்டி போட்டாலே அவருக்குத் தபால் ஓட்டு உண்டு. 600 கிலோமீட்டர் தள்ளி இருப்பவளுக்குக் கிடையாது!

ஹாஸ்டல் முகவரியில் பேரைச் சேர்க்க வழி இருக்கிறது, தெரியும். அங்கே படிக்கிறாள் என்று கல்லூரியில் போனஃபைடு சான்றிதழ் வாங்கினால் போதும். ஆனால் ஊர்ப் பட்டியலில் பேர் போய்விடும், படிப்பு முடிந்ததும் மறுபடி முகவரி மாற்ற படிவம் 8 என்று அலைய வேண்டும். அதைவிட, அவளுக்கு ஹாஸ்டல் இருக்கும் வேளச்சேரியின் எம்.எல்.ஏ. யாரென்றே தெரியாது. ஊரில் குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று தெரியும்.

வெளியூரில் படிக்கும் பிள்ளைகளுக்கும் தபால் ஓட்டுக் கொடுக்கலாம்; இதற்கு நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 60-ஆவது பிரிவின்படி, தேர்தல் ஆணையம் அரசோடு கலந்துபேசி எந்தப் பிரிவினருக்கும் தபால் ஓட்டை அறிவிக்கலாம். வெளியூரில் இருந்தே ஓட்டுப் போட ஒரு இயந்திரம் செய்து 2023 ஜனவரியில் கட்சிகளைக் கூப்பிட்டார்கள். எதிர்ப்பு வந்தது, அப்படியே நிற்கிறது. இயந்திரம் எதற்கு? காகிதமும் உறையும் போதும்.

ஒரு பயம் எனக்கும் உண்டு. கல்லூரி நடத்துகிறவர்களே வேட்பாளராக நிற்கிற மாநிலம் இது. வாக்குச்சீட்டை ஹாஸ்டலுக்கு அனுப்பினால் வார்டன் மேஜையில்தான் ஓட்டு விழும். அதனால் கல்லூரி வளாகத்துப் பக்கமே போகக்கூடாது. தேர்தல் டியூட்டி ஆசிரியர்களுக்கு வைக்கிற மாதிரி ஒரு மையம், சென்னையில் தாலுகா அலுவலகங்களில், மூன்று நாள். மறைவாக ஓட்டைக் குறித்து, உறையை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு வரட்டும். கட்டடத் தொழிலாளிகளும் இதையே கேட்பார்கள். கேட்கட்டும், நியாயம்தானே?

எண்ணும் நாள் காலை 8 மணிக்குள் உறை வந்து சேருமா என்கிறார்கள். அந்த வருஷம் நாம் ஓட்டுப் போட்டது ஏப்ரல் 19, எண்ணியது ஜூன் 4. நடுவில் 46 நாள். மாட்டு வண்டியில் அனுப்பியிருந்தாலும் எங்கள் தொகுதியான தென்காசிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.