மேசை விரிப்பின் மூலையில் மூன்று புள்ளி

இரண்டு நாளாக ஒரு படம் என் பக்கத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கொச்சியில் மட்டாஞ்சேரி யூதத் தெரு, சாயங்கால வெயில், மேலே "மதம் கடந்த மண்" என்று ஒரு வரி. நாலைந்து பேர் என்னை டேக் செய்து "அண்ணே, உங்க ஊரு" என்று எழுதியிருக்கிறார்கள். ஆமாம், எங்கள் ஊர்தான். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்லது எல்லாவற்றையும் இப்படி மண்ணின் கணக்கில் எழுதிவிட்டால் அதைப் பாடுபட்டுக் காப்பாற்றிய ஆட்கள் காணாமல் போய்விடுகிறார்கள். அவர்களில் சிலரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் பிறந்தது 1960இல், ஃபோர்ட் கொச்சி வெளி மைதானத்துக்குப் பக்கத்தில், வண்ணார் குடியிருப்பில். டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்துத் துணி வெளுக்க நம் பக்கத்திலிருந்து கூட்டி வந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், இன்றைக்கும் அப்படித்தான். தோபிகானா என்று வெளிநாட்டுக்காரர்கள் படம் எடுத்துப் போகிறார்களே, கல் தொட்டிகளும் வரிசை வரிசையாய்க் கயிறும், அதுதான் எங்கள் துறை. அந்தக் கயிற்றில் கிளிப் கிடையாது. இரட்டைக் கயிற்றை முறுக்கிக் கட்டி அந்த இடுக்கில் துணி முனையைச் செருகுவோம், எந்தக் காற்றுக்கும் விழாது.

வியாழக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் யாருக்கும் முழுத் தூக்கம் இல்லை. வெள்ளி மத்தியானம் ஜும்மா, அதற்கு முன்னால் முஸ்லிம் வீடுகளுக்கு வெள்ளை வேட்டியும் சட்டையும் போய்ச் சேர வேண்டும். அன்றே பொழுது சாய்ந்தால் யூதர்களுக்கு சபாத்து என்கிற ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதற்குள் மேசை விரிப்பும் தலையணை உறையும். மறுநாள் கிறிஸ்தவ வீடுகள், ஞாயிறு பூசைக்குப் போட்டுக்கொள்ள அம்மாமார்களின் சட்டையும் முண்டும், பிள்ளைகளின் வெள்ளைக் கவுனும். அப்பா சிரட்டைக் கரிப் பெட்டியை ஊதி ஊதித் தேய்ப்பார், அம்மா கஞ்சியும் நீலமும் பார்த்துக்கொள்வாள், ஆச்சி நடுவில் உட்கார்ந்து மூட்டை பிரிப்பாள். எங்கள் வாரமே அந்த மூன்று வேதக்காரர்களின் நாட்களைச் சுற்றித்தான் ஓடியது.

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நாற்பது வீட்டுத் துணியை ஒரே வெள்ளாவியில் வைத்து எடுத்து ஒன்றுகூட மாறாமல் பிரிப்பாள். சேராங்கொட்டையை ஊசியால் குத்தி, அந்தப் பாலைத் தொட்டுத் துணியின் மூலையில் இடுகிற குறிதான் அவளுடைய எழுத்து. எத்தனை வருஷம் வெளுத்தாலும் அது போகாது. ஒரு கோடும் ஒரு புள்ளியும் என்றால் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம். கூட்டல் குறி, பக்கத்தில் சின்ன வளைவு, அது கூனன் குரிசுப் பள்ளிக்குப் போகும் வழியில் இருந்த கிறிஸ்தவ வீடு. வரிசையாக மூன்று புள்ளி, நடுப்புள்ளி கொஞ்சம் பெரிது என்றால் யூதத் தெருவில் பச்சை ஜன்னல் வீடு. பெயர்களை எழுதவில்லை, அவர்கள் பிள்ளைகள் உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறார்கள்.

ஒரு தடவை கடைக்காரர் வீட்டு மூட்டையைப் பிரித்தால் உள்ளே மூன்று புள்ளி போட்ட பெரிய விரிப்புகள் நாலு, நெய்யும் மஞ்சளும் ஊறிப் போய். இரண்டு நாள் முன்னால்தான் அவர் மகளுக்கு நிக்காஹ். பச்சை ஜன்னல் வீட்டு அம்மா தன் நல்ல நாள் விரிப்பை எடுத்துக் கொடுத்து, அதில்தான் பிரியாணி பரிமாறியிருக்கிறார்கள். விஷயம் அங்கேயும் முடியவில்லை. அடியில் வளைவுக்குறி போட்ட கைத்துண்டுகள் ஒரு டஜன் இருந்தன. ஆச்சி ஒன்றும் பேசவில்லை. எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து, உவர்மண்ணில் இரண்டு தடவை போட்டு அடித்துக் கறை எடுத்து, கடைக்காரர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பாமல் நேராக அந்தந்த வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். யார் வீட்டுத் துணி யார் வீட்டுக் கல்யாணத்தில் விரிந்தது என்று அந்த ஊரில் முதலில் தெரிந்துகொள்கிறவர்கள் நாங்கள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை, துணி காயவே இல்லை. நானும் ஆச்சியும் மூட்டையைத் தார்ப்பாயில் சுற்றிக்கொண்டு ஓடினோம். போய்ச் சேரும்போது பச்சை ஜன்னல் வீட்டில் சபாத்து விளக்கு ஏற்றியாகிவிட்டது. விளக்கு ஏற்றிய பிறகு அந்த அம்மா காசைத் தொடமாட்டார். எங்களுக்கோ அன்றைக்கு அரிசி வாங்கக் காசு வேண்டும். ஆச்சி வாசலில் நனைந்துகொண்டு நிற்கிறாள், என்ன கேட்பது என்று தெரியவில்லை. கடைக்காரர் தன் கடையிலிருந்தே பார்த்துவிட்டு, பையா இங்கே வா என்று என்னைக் கூப்பிட்டு, கல்லாவிலிருந்து அந்த மாசக் கூலியை எண்ணிக் கையில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா அவருக்குத் திருப்பிக் கொடுத்திருப்பார். அவர்களுக்குள் அது புதுசு மாதிரியே தெரியவில்லை. இதை எந்தப் படத்தில் காட்டுவீர்கள் சொல்லுங்கள்?

மலையாளத்தில் மசூதியும் பள்ளி, மாதா கோவிலும் பள்ளி, யூதர்களின் ஜெபாலயமும் ஜூதப்பள்ளிதான். கிறிஸ்தவர்கள் பெரிய வியாழனன்று புளிக்காத மாவில் அப்பம் சுட்டு, அதன் மேல் குருத்தோலையில் சிலுவை வைத்துப் பெசஹா அப்பம் என்று சாப்பிடுவார்கள். யூதர்களும் தங்கள் பெசஹாவில் புளிக்காத ரொட்டிதான் சாப்பிடுவார்கள். ரெண்டும் ஒரே பேராக இருக்கிறதே என்று ஆச்சி ஒரு நாள் கேட்டதற்கு, பச்சை ஜன்னல் அம்மா திண்ணையில் உட்கார்ந்து எகிப்திலிருந்து தங்கள் முன்னோர் அவசரமாகப் புறப்பட்ட கதையை, மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல் கிளம்பியதை, அரை மணி நேரம் சொன்னார். ஆச்சி முழுக்கக் கேட்டுவிட்டு, "பாவம், பச்சப்புள்ளைங்கள வச்சிக்கிட்டு எப்படி நடந்துச்சிங்களோ" என்றாள். நேற்று நடந்த மாதிரி.

இதெல்லாம் ஆதிகாலம் தொட்டுத் தானாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பழைய காலத்திலும் இதைச் செய்துகாட்ட ஆட்கள் இருந்தார்கள். கொல்லத்துக் கிறிஸ்தவப் பள்ளிக்கு 849இல் வேணாட்டு அய்யனடிகள் எழுதிக்கொடுத்த தரிசாப்பள்ளிச் செப்பேடு நம் வட்டெழுத்தில் இருக்கிறது. அதற்குச் சாட்சிக் கையெழுத்து அரபியில், பாரசீகத்துப் பஹ்லவியில், எபிரேய எழுத்தில். கிறிஸ்தவர் பெற்ற கொடைக்கு மற்ற வேதக்காரர்கள் வந்து நின்று சாட்சி போட்டிருக்கிறார்கள். அதே கடற்கரையில் 1524இல் கொடுங்கல்லூரில் முஸ்லிம்கள் யூதர்கள் மேல் பாய்ந்து வீடுகளைக் கொளுத்தியதும் நடந்தது, மிளகு வியாபாரப் போட்டி. போர்த்துக்கீசியர் கையிலும் யூதர்கள் பட்டார்கள். கொச்சி அரசர் தன் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்து, 1568இல் பரதேசி ஜூதப்பள்ளி எழுந்தது. பரதேசி என்றால் இங்கே வெளிநாட்டிலிருந்து வந்த யூதர்கள். 1662இல் போர்த்துக்கீசியர் அதையும் தாக்கினார்கள். ஆக, வீடு எரிந்தவர்களும் எரித்தவர்களும் பின்னால் ஒரே சந்தையில் கடை போட்டிருக்கிறார்கள். நடுவில் எத்தனை பேர் எவ்வளவு விழுங்கிக்கொண்டு முதல் அடி எடுத்து வைத்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

எங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று வீட்டிலும் எங்களுக்குப் பின்வாசல்தான். பண்டம் கொடுத்தார்கள், பழைய துணி கொடுத்தார்கள், காய்ச்சல் என்றால் விசாரித்தார்கள், எல்லாம் உண்மை. ஆனால் ஆச்சியை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னது ஒரே ஒரு வீடு. யூதர்களுக்குள்ளேயே, அடிமை வம்சம் என்று சொல்லப்பட்டவர்களைப் பரதேசிகள் தங்கள் ஜூதப்பள்ளிக்கு உள்ளே உட்காரவிடாமல் வாசல் அறையில் வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவில் பிறந்த ஏ. பி. சேலம் என்ற வக்கீல் காந்தி வழியில் சத்தியாக்கிரகம் செய்து அதை உடைத்தார். யூதக் காந்தி என்றே அவருக்குப் பெயர், தெருவுக்கும் அவர் பெயர் இருக்கிறது. நட்பைக் கொண்டாடும்போது இதையும் சேர்த்துச் சொன்னால்தான் எனக்கு மனசு ஒப்பும்.

1950களின் நடுவில் இஸ்ரேலுக்குக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அப்புறம் மிஞ்சியவர்களும் ஒவ்வொருவராக. 1968இல் ஜூதப்பள்ளியின் 400ஆம் ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தபோது எனக்கு எட்டு வயசு. அந்த வாரம் யூதத் தெரு வெள்ளைத் துணியெல்லாம் எங்கள் கயிற்றில்தான் ஆடியது. அதற்கப்புறம் அவ்வளவு மூட்டை அந்தத் தெருவிலிருந்து வரவே இல்லை. பச்சை ஜன்னல் வீடும் சில வருஷத்தில் காலியானது. பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் அவர்களுக்குக் கூட்டுத் தொழுகை, அந்தப் பத்துப் பேர் சேராத காலம் வந்தது. பூத்தையல் கடை வைத்திருந்த சாரா கோஹன் 2019இல் 96 வயசில் போனார். குயினி ஹலேகுவா 2024 ஆகஸ்டில், 89 வயசில்.

சாரா கோஹனைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் தாஹா இப்ராஹிம். சின்ன வயசில் அந்தத் தெருவில் சுற்றுலாக்காரர்களுக்கு அஞ்சலட்டை விற்றவர். சாராவின் கணவர் இறந்த பிறகு கடை, மருந்து, சமையல், வருகிறவர் போகிறவர் எல்லாம் தாஹாவின் பொறுப்பாயிற்று. இதை நாலு பத்திரிகை எழுதியது, எல்லாரும் அதிசயமாகப் படித்தார்கள். அது அதிசயம் என்று எழுதும் நிலைமைக்கு நாம் வந்துவிட்டோமே என்றுதான் எனக்கு அடித்துக்கொண்டது.

இதை எழுதினால் ஒரு தம்பி கட்டாயம் வந்து கேட்பான், காஸாவில் இவ்வளவு நடக்கும்போது யூத நட்பைப் பேசலாமா என்று. கேட்க வேண்டிய கேள்விதான். காஸாவில் பிள்ளைகள் செத்ததைப் பார்த்து என் வீட்டில் சோறு இறங்காத நாட்கள் உண்டு. அது அநியாயம் என்று யார் முன்னாலும் சொல்லுவேன். ஆனால் அதற்கு மட்டாஞ்சேரியில் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவியிடம் கணக்குக் கேட்காதே தம்பி. அதே மாதிரி, அவள் பெயரைச் சொல்லி காஸாவைப் பேசாதே என்று என் வாயை அடைக்கவும் யாரும் வர வேண்டாம்.

எனக்குப் பெரிய கவலை வேறு. போன வருஷம் என் மகளுக்கு இங்கேயே வாடகை வீடு தேடினோம். மூன்று இடத்தில் முதல் கேள்வியே எந்த மதம், அடுத்தது எந்த ஜாதி. ஒரு வீட்டுக்காரர் நன்றாகப் பேசினார், டீ கொடுத்தார், "நம்ம ஆளுங்களுக்குத்தான் கொடுக்கிறதா முடிவு பண்ணியிருக்கோம்" என்று மெதுவாகச் சொன்னார். மூன்று புள்ளியும் கோடும் வளைவும் ஒரே மூட்டையில் வந்தது அந்த வீடுகள் கூப்பிடு தூரத்தில் இருந்ததனால்தான். தனித்தனிக் குடியிருப்பில் தனித்தனியாக வாழ்ந்துகொண்டு, பண்டிகைக்கு மட்டும் பிரியாணிப் படம் போட்டால் யார் யாருக்கு விரிப்பு கொடுப்பார்கள்? மழைநாளில் யார் கூலியை எடுத்துக் கொடுப்பார்கள்? வாடகைக்கு விட வீடு வைத்திருப்பவர்கள் என் நட்புப் பட்டியலிலேயே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்த முதல் கேள்வியைக் கேட்காதீர்கள். உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

நெஹமியா மோத்தா என்று 1615இல் இறந்த ஒரு யூதப் பெரியவரின் கல்லறை இங்கே இருக்கிறது. முஸ்லிம், கிறிஸ்தவர், இந்து என்று எல்லாரும் வேண்டிக்கொண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஆச்சியும் ஏற்றுவாள். துறையில் எவருக்காவது கைகால் முடியவில்லை என்றால் அவருக்குத்தான் முதல் வேண்டுதல். போன வாரம் நானும் போய் ஒன்று ஏற்றிவிட்டு வந்தேன்.

பச்சை ஜன்னல் அம்மா கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போன விரிப்பு ஒன்று எங்களிடம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை கஞ்சி போட்டுத் தேய்த்து மடித்து வைக்கிறோம். மூலையின் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன், மலையாளத்திலும் எழுதிப் போடுகிறேன். நெவாத்தீமிலோ பீர்ஷெபாப் பக்கமோ, துபாயிலோ, மட்டாஞ்சேரியிலோ உங்கள் பாட்டி வீட்டுப் பெட்டியில் பழைய வெள்ளைத் துணி இருந்தால் மூலையைத் திருப்பிப் பாருங்கள். மூன்று புள்ளியில் நடுப்புள்ளி கொஞ்சம் பெரிதாக இருந்தால், அது எங்கள் ஆச்சி வைத்தது.